இரண்டாம் பாகத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாமா?

விடுமுறை நெருங்கினாலே பள்ளி வாசலில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "மிஸ், அந்த மிருகங்க படத்துக்கு அடுத்த பாகம் வந்திருக்காம். முதல் பாகத்தை வீட்டுல எத்தனையோ தடவ பார்த்துட்டா. இதுக்குக் கூட்டிட்டுப் போலாம்ல?"

புதுச்சேரியில் மழலையர் வகுப்பு எடுக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடுதான் என் பகல் முழுக்கப் போகிறது. ஒரு படத்தைப் பற்றிப் "போலாம்", "வேணாம்" என்று ஒரே பதிலை எல்லா வீட்டுக்கும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பாதி வேலைதான். அதைத் தாங்க இந்தப் பிள்ளைக்கு இப்போது முடியுமா என்று பார்ப்பது மீதி வேலை. அந்த மீதியைச் செய்யப் பெற்றோரைவிடச் சரியான ஆள் வேறு யாரும் இல்லை.

முதல் பாகம் பிடித்திருந்தது என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பாகம் வரும்போது முதல் பாகத்தின் ரசிகர்கள் வளர்ந்திருப்பார்கள், கதையும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்திருக்கும். 'ஃபைண்டிங் நீமோ' வந்தது 2003இல். அதன் தொடர்ச்சியான 'ஃபைண்டிங் டோரி' வந்தது 2016இல். முதல் படத்தை ஐந்து வயதில் பார்த்தவருக்கு இரண்டாவது வந்தபோது வயது பதினெட்டு. 'புஸ் இன் பூட்ஸ்' 2011இல் வந்தது, அடுத்த பாகம் 2022இல். நம் வீட்டுப் பிள்ளையோ முதல் பாகத்தைப் போன மாதம்தான் ஓடிடியில் பார்த்திருக்கும். நடுவில் போன பத்துப் பன்னிரண்டு வருஷம் அதற்குக் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் பாகத்தில் வந்த ஆபத்தையே மறுபடி காட்டினால் யாரும் தியேட்டருக்கு வரமாட்டார்கள். அதனால் வில்லன் பெரிதாவான், சண்டை நீளும், கதாநாயகனின் பழைய காயம் ஏதாவது தோண்டப்படும். அதுவும் முன்பின் தெரியாத ஒரு கரடிக்கோ பூனைக்கோ வருகிற ஆபத்து இல்லை. தினமும் சாப்பிடும்போது பார்த்துப் பழகிய பாண்டாவுக்கு வருகிற ஆபத்து. பிள்ளைக்கு அது சொந்த மாமாவுக்கு ஒன்று ஆகிவிட்டது போலத்தான்.

'குங் ஃபூ பாண்டா'வையே எடுத்துக்கொள்வோம். 2008இல் வந்த முதல் படத்தில் குண்டுப் பாண்டா ஒன்று நூடுல்ஸ் கடையிலிருந்து போய் வீரனாகிறது. அதன் அப்பா ஒரு வாத்து. அது எப்படி என்று யாரும் கேட்பதில்லை, சிரித்துவிட்டுப் போகிறோம். 2011இல் வந்த இரண்டாம் பாகம் அந்தச் சிரிப்பைத்தான் கேள்வியாக்குகிறது. பாண்டாக்களின் ஊரை மயில் இளவரசன் ஒருவன் ஓநாய்களை வைத்து அழிக்கிறான். அம்மா பாண்டா குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. முள்ளங்கிப் பெட்டி ஒன்றில் குட்டியை ஒளித்துவைத்துவிட்டு, துரத்தி வருகிறவர்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. குட்டியின் ஞாபகமாக இந்தக் காட்சி துண்டு துண்டாக வருகிறது. படத்தின் மற்ற பகுதி போல இல்லாமல், கையால் வரைந்த படம் மாதிரி தட்டையாக இருக்கும். பார்க்கிற பெரியவர்களுக்குக் கண் கலங்கிவிடும், ஏனென்றால் அந்தத் தாய் எதற்காகப் போகிறாள் என்று நமக்குத் தெரியும். நாலு வயசுக்குத் தெரிவது ஒன்றுதான்: அம்மா பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் காலை பள்ளி வாசலில் அந்தப் பிள்ளை அம்மாவின் துப்பட்டாவை விடாது.

அது நல்ல படம், எட்டு வயசுப் பிள்ளைக்கு முழு மனசோடு சொல்வேன். வளர்த்தவரும் அப்பாதான் என்பதை அவ்வளவு அழகாகச் சொல்கிற படங்கள் குறைவு. நாலு வயசுக்குக் காட்டச் சொல்லமாட்டேன். ஒரே படத்தைப் பற்றி இந்த இரண்டு பதிலும் உண்மை.

சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்?

இந்தியாவில் தியேட்டருக்கு வருகிற எந்தப் படமும் 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டத்தின்கீழ் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் பெற்றாக வேண்டும். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் பதினெட்டு வயதுக்கு மேல் மட்டும். நடுவில் இருப்பது யுஏ. அது ஒரே பிரிவாக இருந்ததை 2023இல் சட்டத்தைத் திருத்தி யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாக்கினார்கள். டிக்கெட் எடுக்கும் ஆப்பிலும் போஸ்டரிலும் அந்த எண்ணைப் பார்க்கலாம். யுஏ 7+ என்று போட்ட படத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளையோடு போனால் வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள். அந்த எண் பெற்றோருக்கான வழிகாட்டல், முடிவு அவர்கள் கையில் என்றுதான் சட்டமே வைத்திருக்கிறது. தமிழ் டப்பிங் பதிப்புக்குத் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதால் ஆங்கிலப் பதிப்பின் குறியைப் பார்த்து முடிவு செய்யாமல் நீங்கள் பார்க்கப்போகும் பதிப்பின் குறியைப் பாருங்கள். ஓடிடியில் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயதுக் குறியோடு, எதற்காக அந்தக் குறி என்றும் ஒரு வரி போடுகிறார்கள். அந்த ஒரு வரி பல நேரம் எண்ணைவிட உதவும்.

வாரியம் கேட்கிற கேள்வி வேறு, நம் கேள்வி வேறு. ரத்தம், வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை இவை எவ்வளவு என்று அது பார்க்கிறது. அம்மாவைப் பிரிகிற குட்டியைக் காட்ட ஒரு துளி ரத்தமும் வேண்டாம். யு வாங்கிய படம் என் வகுப்புப் பிள்ளை ஒன்றை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்யலாம். யுஏ 7+ படத்தை இன்னொரு பிள்ளை சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு வரலாம்.

எந்த வயதில் எது பயமுறுத்தும்?

இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சின்னப் பிள்ளைகள் ஒன்றின் தோற்றத்தை வைத்துத்தான் அதன் குணத்தை முடிவு செய்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜோயன் கேன்டரும் க்ளென் ஸ்பார்க்ஸும் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பச்சை நிறப் பூதமாக மாறுகிற ஹல்க் தொலைக்காட்சித் தொடரைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஹல்க் நல்லவன், ஆட்களைக் காப்பாற்றுகிறவன். ஆனாலும் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகள் அவன் மாறியபிறகுதான் அதிகம் பயந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அவன் உள்ளே யார் என்பது மறக்கவில்லை.

மிருகப் படங்களில் இது அடிக்கடி நடக்கும். நல்ல சிங்கம் கோபத்தில் கர்ஜிக்கும். சிநேகிதக் கரடி வில்லனை ஏமாற்ற முறைத்துக்கொண்டு நிற்கும். நமக்கு அது வேஷம். மூன்று வயதுக்கு அது வேறு கரடி. ஏழெட்டு வயதுக்கு மேல் பயம் இடம் மாறும். பல்லும் நகமும் பெரிதாகத் தெரியாது, உண்மையில் நடக்கக்கூடிய திருட்டு, தீ, வெள்ளம், அப்பா அம்மா சண்டை இவைதான் உறுத்தும். அதனால் அண்ணன் பார்க்கலாம் என்பதற்காகத் தம்பியும் பார்க்கலாம் என்று இல்லை. தம்பி சிரித்துக்கொண்டு பார்த்ததில் அண்ணன் மட்டும் உள்ளுக்குள் நொந்துபோவதும் உண்டு.

சத்தத்தைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' என்ற அந்த 2022 படத்தில் ஓநாய் ஒன்று வருகிறது. அது சாவேதான், ஒன்பது உயிரில் எட்டை இழந்துவிட்ட பூனையைத் தேடி வருகிறது. வருவதற்கு முன்னால் ஒரு விசில். மெதுவான விசில். அது கேட்டதும் பூனையின் முடி சிலிர்த்து நிற்கும். பெரிய திரையில் இருட்டில் அந்த விசில் பின்னாலிருந்து வரும்போது, கண்ணை மூடிக்கொண்ட பிள்ளையும் தப்ப முடியாது. காதை யார் மூடுவது? பிறகு காட்டில் அந்தப் பூனை பயத்தில் மூச்சு வாங்கி ஓடி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடும். கூட வந்த நாய்க்குட்டி ஒன்றும் பேசாமல் அதன் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும், பூனைக்கு மூச்சு சீராகும். பயந்த ஒருவரை எப்படித் தேற்றுவது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர விசிலைத் தாண்டியாக வேண்டும்.

சாவு பற்றி

மிருக அனிமேஷன் படங்களில் சாவு நாம் நினைப்பதைவிட அதிகம். 2014இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 1937 முதல் 2013 வரை வந்தவற்றில் அதிகம் வசூலித்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் செத்துப்போகும் அபாயம் அனிமேஷன் படங்களில் சுமார் இரண்டரை மடங்கு. அதிலும் அப்பா அம்மா பாத்திரங்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

செத்தவர் திரும்ப வரமாட்டார், எல்லோருக்கும் ஒரு நாள் இது உண்டு, செத்த உடம்புக்குப் பசியோ வலியோ இல்லை. இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் விளங்குகிறது. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தபோது இதை நேரில் பார்த்தேன். எங்கள் ஊரில் லட்சுமியின் தும்பிக்கையால் ஆசீர்வாதம் வாங்காத பிள்ளை அபூர்வம். ஊரே தெருவில் நின்று அழுதது. என் வகுப்பில் ஒரு குழந்தை கேட்டது, "லட்சுமி எப்ப மிஸ் எழுந்திருக்கும்?" எழுந்திருக்காது என்று சொன்னேன். சரி என்று தலையாட்டியது. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டது: "இன்னும் தூங்குதா?"

இந்த வயதில் படத்தில் ஒரு மிருகம் சாவதால் மட்டும் கெடுதல் வந்துவிடாது. அதற்குப் பிறகு படம் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். செத்ததாகக் காட்டிவிட்டுக் கடைசியில் உயிரோடு கொண்டுவருகிற படங்கள் எனக்கு உறுத்தும். அடுத்த பாகங்களில் அப்படிப்பட்டவர்கள் திரும்பி வருவது சகஜம். தாத்தாவை இழந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தாவும் அடுத்த பாகத்துல வருவாரா?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்த வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் அந்தப் படத்தை ஆறு மாதம் தள்ளிப் போடச் சொல்வேன்.

எங்கள் ஊர் மழையும் இதில் சேரும்

வெளிநாட்டு விமர்சனத் தளங்கள் இதைச் சொல்லாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டுக்குள் தண்ணீர் வந்து, படகில் ஏற்றிக் கொண்டுபோன பிள்ளைகள் எங்கள் பள்ளியிலும் இருக்கிறார்கள். அதற்குப் பின்னாலேயே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது.

'ஐஸ் ஏஜ்' வரிசையின் இரண்டாம் படமான 'தி மெல்ட்டவுன்' 2006இல் வந்தது. பனி உருகிப் பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது, மிருகங்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்துகொண்டு போகின்றன. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையான ஓட்டம். இடுப்பளவு தண்ணீரில் அப்பா தோளில் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு அப்படி இருக்காது. அதேபோல தெருநாய் துரத்திக் கடித்த பிள்ளைக்கு ஓநாய்க் கூட்டம், கோயில் கூட்டத்தில் தொலைந்து கிடைத்த பிள்ளைக்குக் குட்டி தொலைகிற காட்சி. படத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் இது அங்கே எழுதியிருக்காது. உங்களுக்குத்தான் தெரியும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

ட்ரெய்லரை நம்பாதீர்கள். சிரிப்பு வரும் இடங்களை எல்லாம் பொறுக்கி எடுத்து இரண்டு நிமிடத்தில் கோத்திருப்பார்கள். அதற்குப் பதில் கதையை முடிவுவரை படித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்ற கவலை இங்கே வேண்டாம், நீங்கள் காவலுக்குப் போகிறீர்கள். காமன் சென்ஸ் மீடியா போன்ற தளங்கள் எந்த வயதுக்கு என்ன காட்சி இடறும் என்று விவரமாக எழுதுகின்றன. பிரிட்டன் தணிக்கை வாரியத்தின் தளத்திலும் அப்படி ஒரு குறிப்பு கிடைக்கும். அவர்கள் சொல்கிற வயதை அப்படியே எடுக்க வேண்டாம். காட்சி விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதையைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடினால் போதும். குட்டி அல்லது நாயகன் தனியாக, துணையில்லாமல், எவ்வளவு நேரம் தவிக்கிறது? பயம் வந்து ஐந்து நிமிடத்தில் யாராவது கைகொடுத்தால் நாலு வயதும் தாங்கும். அரை மணி நேரம் தீராமல் இழுத்தால் ஆறு வயதுக்கும் கஷ்டம். எத்தனை தடவை பயம் வருகிறது என்பதைவிட, வந்த பயம் எப்போது இறங்குகிறது என்பது முக்கியம்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் தியேட்டரே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. படமே ஒன்றரை மணி நேரம், அதற்கு முன்னால் விளம்பரம் வேறு.

தியேட்டருக்குள்

இங்கிலீஷ் பதிப்பா, தமிழ் பதிப்பா என்றால் சின்னப் பிள்ளைக்குத் தமிழ்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் கீழே ஓடும் வரியால் பிரயோஜனம் இல்லை. என்ன நடக்கிறது என்று புரியாத பயம்தான் எல்லாவற்றிலும் பெரிய பயம். 3டி வேண்டாம். பெரிய கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காது, ஓநாயும் மூக்குக்கு நேராக வரும். நடைபாதை ஓரத்து இருக்கை வாங்குங்கள். புகையிலை எச்சரிக்கைப் படமும் வேறு படங்களின் ட்ரெய்லரும் முதலில் ஓடும், அவை உங்கள் படத்தைவிட மோசமாக இருக்கலாம். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக உள்ளே போனால் ஒன்றும் குறையாது.

இடைவேளையைப் பற்றி ஒன்று. இந்தப் படங்களை எடுக்கிறவர்கள் இடைவேளை வைத்து எடுப்பதில்லை. நம் தியேட்டரில் நடுவில் நிறுத்துகிறார்கள். அது பெரும்பாலும் நாயகன் சிக்கிக்கொண்ட நேரமாக இருக்கும். பாப்கார்ன் வாங்க நிற்கிற பத்து நிமிடமும் பிள்ளை மனதில் அந்தப் பாண்டா தொங்கிக்கொண்டே இருக்கும். அப்போது முடிவைச் சொல்லிவிடுங்கள்: "அது தப்பிச்சிடும், கடைசியில எல்லாரும் சேர்ந்துடுவாங்க." கதையை முன்பே படிக்கச் சொன்னது இதற்கும்தான். கிளம்ப வேண்டும் என்றால் இடைவேளைதான் நல்ல வாசல். "வீட்டுக்குப் போலாமா, இருக்கலாமா?" என்று கேளுங்கள், பிள்ளை சொல்வதைச் செய்யுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

பயந்துவிட்டால் "இதெல்லாம் நிஜமில்ல, பொம்மைதான்" என்று சொல்லிப் பார்ப்போம். ஆறு வயதுக்குக் கீழே அது எடுபடாது. மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், கையைப் பிடியுங்கள், இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள், முகத்தை உங்கள் தோள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காதைப் பொத்துங்கள். உடம்பு சமாதானமானால்தான் காது கேட்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குத்தான் பேச்சு உதவும். அதற்கும் "பயப்படாதடா, ஆம்பளப் பிள்ளைதான நீ" என்ற பேச்சு உதவாது.

வீட்டுக்கு வந்தபிறகு

இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். விளையாட்டில் ஓநாய் வந்தால் நல்லது, பிள்ளை அதைத் தன் கையால் துரத்திப் பார்க்கிறது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தனியாகப் பாத்ரூம் போக மறுப்பது, விட்ட பழக்கமான விரல் சூப்புவது, பள்ளி வாசலில் ஒட்டிக்கொள்வது இவையெல்லாம் சில நாளில் சரியாகும். அந்த நாட்களில் எங்களிடம், வகுப்பு மிஸ்ஸிடம், ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காரணம் தெரிந்தால் நாங்கள் வாசலில் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்போம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பயந்த படத்தையே "மறுபடி போடு" என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு. மறுக்க வேண்டியதில்லை. ஓடிடியில் வந்தபிறகு, பகலில், விளக்கைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போடுங்கள். ரிமோட்டைப் பிள்ளை கையில் கொடுத்து எந்தப் பட்டனில் நிற்கும், எதில் ஓடும் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். பயம் வருகிற இடத்தில் அதுவே நிறுத்தட்டும், வேண்டுமானால் தாண்டி ஓட்டட்டும்.